அம்மனுக்குத் திரை போட்ட நாடகம்

மலையாள நாட்டு எல்லையோரத்தில் இருந்த எங்கள் பள்ளிக்கூடத்தில் தமிழ் டிவிஷன் கடைசிக் கட்டிடத்தில் இருந்தது. ஓட்டுக் கூரை. ஜன்னலுக்குக் கம்பி கிடையாது. வெளியே பார்த்தால் பக்கத்து ஊர் நல்லேப்பிள்ளி வரைக்கும் வயல்தான். மற்றக் கட்டிடங்களில் எல்லாம் மலையாளம் கேட்கும். எழுபதுகளின் நடுவில், நாங்கள் ஒன்பதாவது படித்த வருஷம், எங்கள் தமிழ் வாத்தியார் மாற்றலாகிப் போனார். அவர் இடத்துக்கு ஆள் வரவில்லை. ஹெட்மாஸ்டர் நல்ல மனிதர். தமிழ் பேசினால் அவருக்குப் புரியும், ஆனால் படிக்கத் தெரியாது. புத்தக அலமாரியின் சாவியை எங்களிடமே கொடுத்து, "சத்தம் கூடாது. எந்தெங்கிலும் வாயிச்சோ" என்று சொல்லிவிட்டுப் போனார். எதையாவது வாசித்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம்.

அலமாரியில் இருந்த கதைப் புத்தகங்களை முன்னமே யாரோ கொண்டுபோய்விட்டார்கள். மிச்சம் பழைய நாடகப் புத்தகங்கள்தான். பாட்டும் வசனமும் கலந்தவை, நிறையப் பேர் எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே வைத்தவை. எல்லாம் ஒவ்வொரு பிரதிதான் இருந்தது. அதனால் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்டோம். கொஞ்ச நேரத்திலேயே அது சரிப்படவில்லை. ராஜா பேசுவதையும் ராணி பேசுவதையும் ஒரே குரலில் கேட்டால் தூக்கம் வந்தது. பிறகு ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, புத்தகத்தைக் கைக்குக் கை மாற்றிப் படிக்க ஆரம்பித்தோம்.

மாரியம்மன் கோயிலில் பூசை செய்கிற பண்டாரத்தின் மகன் எங்கள் வகுப்பில் இருந்தான். அவனுக்குக் கோயில் மணி மாதிரிக் குரல். ராஜா வேஷம் எல்லாம் அவனுக்கே போயிற்று. ராணி நான். எனக்கு நீளமான பாட்டும் மனப்பாடம் ஆகிவிடும், அதற்காகத்தான். அழகுக்காக இல்லை என்று அவன் அப்போதே சொல்லிவிட்டான்.

என் தோழி எந்த வேஷமும் கேட்கவில்லை. அவள் மலைமேல் சின்னக்கானலிலிருந்து வந்தவள். அப்பாவும் அம்மாவும் தேயிலைத் தோட்டத்தில் வேலை. படிப்புக்காக எங்கள் ஊரில் அத்தை வீட்டில் தங்கியிருந்தாள். அவள் பேச்சு தெற்கத்திப் பேச்சு. "சொல்லுதேன்", "வாராக" என்று அவள் பேசினால் எங்களுக்குச் சிரிப்பு வரும். நாங்கள் "வாங்க, போங்க" என்று வாத்தியாரிடம் பேசுகிற மாதிரியே ஆட்டுக்குட்டியிடமும் பேசுகிறோம் என்று அவளுக்குச் சிரிப்பு வரும். நாங்கள் படிக்கப் படிக்க அவள் கரும்பலகையில் சாக்பீஸால் அந்தக் காட்சியை வரைந்துகொண்டே இருப்பாள். அரண்மனை, குதிரை, காடு. பீரியட் முடிந்து அழிக்கும்போது எனக்கு மனசுக்குச் சங்கடமாக இருக்கும்.

நாங்கள் கடைசியாக எடுத்த நாடகம்தான் எங்களைப் பிடித்துக்கொண்டது. மழையில்லாத ஒரு நாடு. ராஜா பட்டம் கட்டிக்கொண்ட அன்று அம்மனுக்குக் குளம் வெட்டித் தருவதாக வாக்குக் கொடுக்கிறான். பிறகு அரண்மனை கட்டுகிற மும்முரத்தில் அதை விட்டுவிடுகிறான். கோயில் கதவு தானாகச் சாத்திக்கொள்கிறது. ஊர் வற்றிப்போகிறது. கடைசியில் ராணி தனியாகக் கோயிலுக்கு வந்து அம்மனையே கோபித்துக்கொள்கிறாள். வாக்குத் தவறியது ராஜா, தவித்துச் சாவது குழந்தைகளா என்று கேட்கிறாள். கதவு திறக்கிறது. மழை பெய்கிறது.

இந்த நாடகத்துக்காக நாங்கள் போட்ட சண்டை கொஞ்சநஞ்சம் இல்லை. ராஜா நிஜமாகவே மறந்துவிட்டானா, மறந்த மாதிரி இருந்தானா என்று ஒரு சண்டை.

"மறந்துட்டான்னு தான புஸ்தகத்துல இருக்குது," என்று பண்டாரத்தின் மகன் ராஜாவுக்காகப் பரிந்து பேசினான்.

"உன்ற பெரியப்பா நம்ம வாய்க்கால அடைச்சுப்போட்டு மறந்துட்டேன்னு சொல்றாரே, அந்த மறதியா?" என்று பின் பெஞ்சிலிருந்து ஒருத்தன் கேட்டான். வகுப்பே சிரித்தது. தண்ணீர் முறைக்காக வரப்பில் அடிபிடி நடக்கிற ஊர் எங்களுடையது. அன்றிலிருந்து அந்த நாடகம் எங்கோ பழைய காலத்தில் நடந்ததாக எங்களுக்குத் தோன்றவில்லை.

ஆண்டு விழாவில் தமிழ் டிவிஷனுக்கும் ஒரு ஐட்டம் வேண்டும் என்று போய்க் கேட்டோம். ஹெட்மாஸ்டர் தலையாட்டினார். அன்று சாயங்காலம் வாய்க்கால் ஓரமாக வீட்டுக்குத் திரும்பும்போது தோழி பின்தங்கியே வந்தாள். நான் காரணம் கேட்டேன்.

"எங்கப்பா வாராக. விழா அன்னிக்குத்தான் வாராக. என்னயக் கூட்டிட்டுப் போறதுக்கு."

"லீவுக்கா?"

"லீவுக்கு இல்லட்டி. அம்மாவுக்கு முடியல. நானும் கொழுந்து கிள்ளப் போனா வீட்டுக்கு ஒத்தாசையா இருக்கும்ங்காக. ஒம்பதாவது படிச்சது போதும்னு அத்தைகிட்ட சொல்லிவிட்டிருக்காக."

நான் வாய்க்கால் ஓரத்திலேயே நின்றுவிட்டேன். அவளே சொன்னாள்: "நாடகத்துக்கு நான் படம் எழுதித் தாரேன். மேடைக்குப் பின்னால தொங்குற மாதிரி, பெரிசா. எங்கப்பா அதப் பாக்கணும். நான் இங்க என்ன செஞ்சேன்னு அவுகளுக்குத் தெரியாது. பாத்துட்டும் வான்னா, போயிருதேன்."

அவள் கேட்டது அவ்வளவுதான். அப்பா ஒரு தடவை பார்க்க வேண்டும்.

எங்கள் வீட்டுக் களத்தில்தான் வேலை நடந்தது. பழைய வேட்டிகளை ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்து ஒன்றாகத் தைத்தோம். கஞ்சி போட்டு விறைப்பாக்கினோம். கடையில் வாங்கிய வர்ணம் எங்களுக்கு எட்டாது. குளக்கரைச் செம்மண், விளக்குக் கரி, சுண்ணாம்பு, துணிக்குப் போடுகிற நீலம், இவற்றை வேப்பம் பிசினில் குழைத்தாள். அம்மன் முகத்துக்கு மஞ்சள் பூசினாள். உதட்டுக்கும் பொட்டுக்கும் மஞ்சளில் சுண்ணாம்பைக் கலந்து சிவப்பு எடுத்தாள். பனை ஓலை ஈர்க்கின் நுனியை நசுக்கித் தூரிகை செய்துகொண்டாள். நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வசனம் படிப்போம். ராணியின் பேச்சை நான் சொல்லச் சொல்ல, அவள் அம்மனின் முகத்தை மாற்றிக்கொண்டே வந்தாள். முதலில் கோபமாக இருந்தது. பிறகு நான் நாலைந்து தடவை சொல்லிக் கேட்டுவிட்டு, "கோவக்காரி இல்லட்டி. யாராவது வந்து கேக்கட்டும்னு காத்துக்கிட்டு இருக்கா" என்று சொல்லி வாயைத் திருத்தினாள்.

கண்ணை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பள்ளிக்கூடம் போகும் முன்பு வந்து இரண்டு கண்ணையும் எழுதி முடித்தாள். துணியைக் களத்துச் சுவரில் காயவிட்டுவிட்டு நாங்கள் போய்விட்டோம்.

சாயங்காலம் வந்து பார்த்தால் களத்தில் கூட்டம். என் அம்மா வெள்ளிக்கிழமை தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு களத்துப் பக்கம் வந்திருக்கிறாள். சுவரில் அம்மன் நேருக்கு நேராகப் பார்க்கிறாள். முகத்தில் மஞ்சள், நெற்றியில் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த குங்குமம். பூசைக்கு உள்ளது எல்லாம் முகத்திலேயே இருக்கிறது. அம்மா உள்ளே போய்க் கற்பூரம் எடுத்து வந்து காட்டிவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரி அதைப் பார்த்துவிட்டு எலுமிச்சம்பழம் கொண்டுவந்தாள். அப்புறம் பூ, வேப்பிலை, தேங்காய்.

"அம்மா, அது நாடகத்துக்கு எழுதின துணி," என்றேன்.

"கண்ணத் தொறந்தாச்சு. கற்பூரம் பாத்தாச்சு. இனி அது துணியில்ல, கண்ணு," என்றாள் அம்மா. அவள் சொன்னதைத் தப்பென்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. நானும் அவள் மகள்தானே. செருப்பை அவிழ்த்துவிட்டு நானும் கும்பிட்டேன்.

பண்டாரத்தைக் கூப்பிட்டு வந்தார்கள். அவர் தள்ளி நின்று பார்த்தார், கிட்டே வந்தும் பார்த்தார். "இத மடிக்கக் கூடாது. கீழ வைக்கக் கூடாது. அம்மன் முன்னால ஆரும் முதுகு காட்டி நிக்கக் கூடாது. பேசாம கோயில்லயே கொண்டாந்து மாட்டிரலாமுங்க," என்று என் அப்பாவிடம் சொன்னார். அப்பாவும் சரியென்று தலையாட்டினார்.

அங்கேதான் எங்கள் நாடகம் நின்றது. மேடையில் நடிக்கிறவர்கள் ஜனங்களைப் பார்த்துத்தான் நிற்பார்கள். பின்னால் படம் தொங்கும். அப்படியானால் முதல் காட்சியிலிருந்து கடைசி வரை எல்லாரும் அம்மனுக்கு முதுகு காட்ட வேண்டும். போதாததற்கு ராணி அம்மனைக் கோபித்துக்கொள்ளவும் வேண்டும். கற்பூரம் பார்த்த சாமிக்கு முன்னால் யாருக்கு அந்தத் தைரியம் வரும்? படம் கோயிலுக்குள் போய்விட்டால் தோழியின் அப்பா கண்ணில் அது படாது. பஸ்ஸை விட்டு இறங்குவார், மகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்.

அவள் கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தாள். கையில் இன்னும் கரி இருந்தது. அழவில்லை. "நல்லாத்தான எழுதினேன்," என்று மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை வகுப்பில் உட்கார்ந்து நாடகத்தை முதலிலிருந்து திரும்பப் படித்தோம். தப்பிக்க வழி தேடித்தான் படித்தோம். கடைசிக் காட்சி வந்ததும் நான் நிறுத்தினேன். ராணியின் பேச்சு முழுவதும் 'நீ, உன்னை' என்று அம்மனிடம்தான் இருக்கிறது. ஜனங்களிடம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. கேள்வி கேட்கிறவள் முகத்தைப் பார்த்துத்தானே கேட்பாள்? இத்தனை நாள் நான் அம்மனைப் பின்னால் விட்டுவிட்டுக் காற்றைப் பார்த்துக் கத்தியிருக்கிறேன்.

"அப்படின்னா நீ சனங்களுக்கு முதுகு காட்டி நின்னுக்கோ. ராசா என்ன பண்றது? அரண்மனையில நானும் செவுத்தப் பாத்துட்டுப் பேசறதா?" என்றான் பண்டாரத்தின் மகன்.

"உன்ற மூஞ்சியப் பாக்காட்டி சனங்களுக்கு நல்லதுதான்," என்றாள் மந்திரி வேஷக்காரி.

அவன் அதைக் காதில் வாங்கவில்லை. ஏதோ யோசித்துக்கொண்டிருந்தான். பிறகு, "எங்கப்பன் அலங்காரம் பண்றப்ப அம்மனுக்குத் திரை போடுவாரு. திரை போட்டிருக்கறப்ப ஆரும் முதுகு காட்டற கணக்கில்ல. வெளியில உக்காந்து ஊர்க்கதை எல்லாம் பேசுவாங்க. அரண்மனைக் காட்சிக்கெல்லாம் நம்ம திரை போட்டுக்கலாம்," என்றான்.

நாங்கள் புத்தகத்தைத் திரும்பப் புரட்டினோம். நாடகத்தில் கோயில் கதவு சாத்தியிருக்கிறது. கடைசியில்தான் திறக்கிறது. அந்தத் திரையே கதவு. யார் எழுதின நாடகமோ, எங்கள் கோயில் பழக்கத்தோடு அது அப்படிப் பொருந்திப்போயிற்று.

அவன் போய்த் தன் அப்பாவிடம் கேட்டான். பண்டாரம் நிபந்தனை போட்டார். மேடையில் யாரும் செருப்புப் போடக் கூடாது, ராஜாவானாலும் சரி. நடிக்கிறவர்கள் அன்று கவிச்சி சாப்பிடக் கூடாது. நாடகம் முடிந்ததும் அம்மன் நேராகக் கோயிலுக்கு வந்துவிட வேண்டும்.

அம்மனைக் கோபித்துக்கொள்கிற விஷயம்தான் என் அம்மாவிடம் தடைபட்டது. "சாமிய வையறதுக்கா உன்னப் படிக்க வச்சோம்?" என்றாள். நான், அவள் களத்தில் பயறு புடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து ராணியின் பேச்சை முழுக்கச் சொல்லிக் காட்டினேன். முறத்தை ஆட்டிக்கொண்டே இருந்தாள். பாதியில் நிறுத்திவிட்டாள்.

"இது வையறதில்ல, அம்மிணி. பொறந்த ஊட்டுக்கு வந்து ஆத்தாகிட்ட அழுவறது," என்றாள். கொஞ்சம் கழித்து, "இன்னொருக்கா சொல்லு," என்றாள்.

விழா அன்று அம்மனை மடிக்காமல் கொண்டுபோக வேண்டுமே. இரண்டு மூங்கிலில் மேலேயும் கீழேயும் கட்டி, நிறுத்தினபடியே தூக்கிக்கொண்டு வரப்பு வழியாக வெறுங்காலோடு போனோம். காற்று அடித்தால் துணி எங்களையும் சேர்த்து இழுக்கும். நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து சேற்றுக் கையோடு கும்பிட்டார்கள். பள்ளிக்கூட வாசலில் ஹெட்மாஸ்டர், "இது உல்சவமோ நாடகமோ?" என்று கேட்டார். படம் அவரைக் கடந்து போகும்போது அவரும் செருப்பிலிருந்து காலை எடுத்துவிட்டார்.

தோழியின் அப்பா மத்தியான பஸ்ஸில் வரவில்லை. அவள் அத்தை இரண்டு தடவை பஸ் ஸ்டாப்புக்குப் போய்த் திரும்பினாள். மலையாளப் பாட்டு முடிந்தது, பெண்கள் வட்டமாகக் கைதட்டி ஆடுகிற கைகொட்டிக்களி முடிந்தது, எங்கள் முறை வந்துவிட்டது. "வந்தாச்சா?" என்று மேடைக்குப் பக்கத்திலிருந்து சைகையில் கேட்டேன். தோழி தலையை இல்லையென்று ஆட்டினாள்.

அரண்மனைக் காட்சிகள் வெள்ளை வேட்டித் திரைக்கு முன்னால் நடந்தன. ராஜா வெறுங்காலோடு வந்ததற்குச் சிலர் சிரித்தார்கள். அவன் குரல் எழுந்ததும் சிரிப்பு அடங்கியது. கடைசிக் காட்சியில் நான் தனியாக மேடைக்கு வந்து ஜனங்களுக்கு முதுகு காட்டித் திரையைப் பார்த்து நின்றேன். பின்னால் யார் இருக்கிறார்கள், யார் வந்தார்கள், எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்க்கவும் முடியாது.

மூடிய திரையைப் பார்த்துப் பேச ஆரம்பித்தேன். முதல் நாலு வரி ராணியுடையது. அதற்கப்புறம் வார்த்தை அவளுடையதுதான், மனசு என்னுடையது. குழந்தைகளை ஏன் தவிக்க விடுகிறாய் என்று கேட்கும்போது எனக்கு என் தோழிதான் ஞாபகத்துக்கு வந்தாள். இவளை இங்கேயே விட்டுவை தாயே, இவள் அப்பாவை எப்படியாவது கொண்டுவந்து சேர் தாயே என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டே வெளியே ராணியின் பாட்டைச் சொன்னேன். குரல் உடைந்துவிட்டது.

திரையை இழுத்தார்கள். விளக்கு வெளிச்சத்தில் அம்மன் என்னைப் பார்த்தாள். நான் தினமும் களத்தில் பார்த்த முகம்தான். ஆனாலும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதே நேரத்தில் பின்னால் ஒரு குலவைச் சத்தம் எழுந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் குலவை போடுகிற வழக்கமில்லை. தோழியின் அத்தைதான் என்று புரிந்தது. தொடர்ந்து பெஞ்சுகள் நகர்கிற சத்தம். ஜனங்கள் எழுந்து நிற்கிறார்கள். அம்மனுக்கு முதுகு காட்டக் கூடாது என்று நான் பின்னாலேயே நடந்து மேடையை விட்டு இறங்கி, மந்திரியின் காலை மிதித்தேன்.

கீழே வந்து திரும்பியபோதுதான் அவரைப் பார்த்தேன். கடைசி வரிசைக்கும் பின்னால், தோளில் ஒரு பை, அந்த வெயில் ஊரிலும் கையில் மடித்த ஸ்வெட்டர், காலடியில் கழற்றி வைத்த செருப்பு. பொள்ளாச்சியில் பஸ் தவறி, அடுத்ததில் வந்திருக்கிறார். திரை விலகுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் உள்ளே நுழைந்தாராம்.

கூட்டம் கலைந்த பிறகு அவர் மேடைப் பக்கம் வந்தார். மகளிடம் நலம் விசாரிக்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இத நீயா எழுதின?"

"ஆமாப்பா."

"யாருகிட்டப் படிச்ச?"

"யாருகிட்டயும் இல்லப்பா. புஸ்தகத்தப் படிச்சு எல்லாரும் பேசிப் பேசி, அப்புறம் எழுதினேன். இவ சொல்லச் சொல்ல மூஞ்சிய மாத்துனேன்." என்னைக் காட்டினாள்.

"நம்ம எஸ்டேட் கோயிலுக்குப் போடியிலருந்து ஆள் வந்து எழுதுவான். கண்ணு எழுதுற அன்னிக்கு எங்களயெல்லாம் வெளிய போகச் சொல்லிருவான். உள்ள தனியா இருப்பான். வெளிய வந்தா அவன் கை நடுங்கிட்டு இருக்கும்," என்றார் அவர். "நீ எப்படிட்டி எழுதின?"

"பயந்துக்கிட்டேதான்ப்பா. வெள்ளிக்கிழமைன்னு சாமி கும்பிட்டுட்டு எழுதினேன்."

பண்டாரமும் என் அப்பாவும் மூங்கிலைப் பிடித்து அம்மனைக் கோயிலுக்குத் தூக்கக் கிளம்பினபோது, ஸ்வெட்டரை மகளிடம் கொடுத்துவிட்டு ஒரு முனையை அவர் வாங்கிக்கொண்டார். கோயில் வரை கொண்டுவந்து சேர்த்தார். அங்கே என் அப்பா அவரிடம், "ஏனுங்க, புள்ளையக் கூட்டிட்டுத்தான் போறீங்களா?" என்று கேட்டே விட்டார். நான் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"அப்படி நெனச்சுத்தான் வந்தேன்," என்றார் அவர். "அவ அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்லுறதுன்னு யோசிக்கேன்."

"இங்க உள்ளதச் சொல்லுங்க."

"சொன்னா நம்பணுமே," என்று சிரித்தார்.

முடிவு என்னவென்று அன்று எங்களுக்குத் தெரியவில்லை. மறுநாள் காலையில் முதல் பஸ்ஸுக்கு அவர் கிளம்புகிறார் என்று கேள்விப்பட்டு நான் கோயிலுக்குப் போய் விபூதி எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு ஓடினேன். தோழி அங்கே யூனிபாரத்தில் நின்றிருந்தாள். பக்கத்தில் அப்பாவின் பை மட்டும்தான் இருந்தது.

நான் அவர் கையில் விபூதியைக் கொடுத்தேன். பூசிக்கொண்டார். மிச்சத்தைக் காகிதத்தில் மடித்து, "இவ அம்மாவுக்கு" என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பஸ் வந்தது. ஏறும்போது மகளிடம், "பத்தாவது முடியட்டும். அதுவரைக்கும் அங்க நான் பாத்துக்கிடுதேன். சாமி படம் எழுதுற கை, சண்டைக்கு ஓங்காத," என்றார். அவள் பண்டாரத்தின் மகனை ஒரு தடவை அடித்த கதையை அத்தை சொல்லியிருக்கிறாள் போல.

அவள் பத்தாவது முடித்தாள். அதற்கு மேலும் படித்தாள். இப்போது தேனிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் குழந்தைகளுக்கு ஓவியம் சொல்லிக் கொடுக்கிறாள். எல்லாம் அம்மன் பார்த்துச் செய்தது என்று நான் சொல்வேன். நீ முதுகு காட்டி நின்றதால்தான் என்று அவள் சொல்வாள்.

அன்று பஸ் போனதும் நாங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துக்கு நடந்தோம். வாய்க்கால் தாண்டினதும், "ராணி, ஒன்னு சொல்லட்டா," என்றாள்.

"சொல்லு."

"நேத்து ஒம் மூஞ்சிய யாரும் பாக்கல. அதான் நாடகம் நல்லா இருந்துச்சு."

நான் அவளை அடிக்கத் துரத்தினேன். மணி அடித்துவிட்டது, முதல் பீரியட் கணக்கு, இரண்டு பேரும் ஓடினோம்.